ஆடு விட்ட செடியும் வண்டு தேடும் பூவும்: மதுரைப் பக்க மேய்ச்சல் புறம்போக்கில் காட்டுத்தேனீக்கள்

மந்தைக்காடு (இழையைத் தொடங்கியவர்)

மேலூருக்கு வடக்கே கண்மாயை ஒட்டி 11 ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கு. மேட்டுப் பக்கம் சரளை கலந்த செம்மண், கீழே கண்மாய் வரைக்கும் வண்டல். வெள்ளாடும் செம்மறியுமாகத் தினம் சுமார் 180, மாடு 25 மேய்கின்றன. சுற்றிலும் கத்தரி, முருங்கை, வரப்போரத் துவரை. காய்ப்பிடிப்பு குறைந்துவிட்டது, தேனீ இல்லாததுதான் காரணம் என்று ஊரில் பேச்சு.

இரண்டு யோசனைகள் ஓடுகின்றன. ஒன்று, நிலத்தை மூன்று வருடத்துக்கு முள்வேலி போட்டு அடைத்து, மரக்கன்று நட்டுவிடுவது. இன்னொன்று, தேனீப் பெட்டி பத்து வாங்கி வைப்பது. எது சரி? அடைத்தால் பூ கூடும், பூ கூடினால் தேனீ வரும் என்ற கணக்கு நிஜத்தில் ஒத்துவருமா? விவரம் தெரிந்தவர்கள் மாதக்கணக்கோடு சொன்னால் உதவும்.

---

நீலவரி

முதலில் பெட்டிக் கதையை முடித்துவிடுகிறேன். பெட்டியில் வளர்ப்பது அடுக்குத்தேனீ. கத்தரிப் பூவில் அதற்கு வேலையே இல்லை. கத்தரியின் மகரந்தப் பை பக்கவாட்டில் வெடிக்காது. நுனியில் ஊசித்துளை மாதிரி ஓட்டை மட்டும் இருக்கும். உப்புச் சிமிழைக் கவிழ்த்துத் தட்டுவது போல அதிர வைத்தால்தான் தூள் கொட்டும். நீலவரித் தேனீ (அமெஜில்லா), தச்சுத்தேனீ (சைலோகோப்பா), நோமியா வகைகள் பூவைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, சிறகை விரிக்காமல், பறக்கும் தசையை மட்டும் இயக்கி அதிர வைக்கும். "ர்ர்ர்" என்று விட்டுவிட்டுக் கேட்கும் சத்தம் அதுதான். அடுக்குத்தேனீக்கு இந்த வித்தை தெரியாது. முந்தைய ஆள் சிந்தியதைப் பொறுக்கிக்கொண்டு போகும், அவ்வளவுதான்.

முருங்கையில் தச்சுத்தேனீதான் முக்கிய ஆள். துவரைக்குத் தச்சுத்தேனீயும் இலைவெட்டித் தேனீயும் (மெகாகைல்). இவை எதுவும் பெட்டிக்குள் வராது. கூட்டமாக வாழ்வதும் இல்லை. பெரும்பாலும் ஒரு பெண், ஒரு கூடு.

காய்ப்பிடிப்பு குறைவுக்குத் தேனீயைக் குற்றம் சொல்வதற்கு முன் கத்தரிப் பூவை எடுத்துச் சூலகத்தண்டைப் பாருங்கள். மகரந்தப் பைகளுக்கு மேலே தண்டு நீட்டிக்கொண்டிருந்தால் காய் பிடிக்கும் பூ. பைகளுக்குள்ளேயே குட்டையாக முடிந்துவிட்டால், ஆயிரம் தேனீ வந்தாலும் உதிரும். வெயில் ஏறினாலும் சத்து குறைந்தாலும் குட்டைத்தண்டுப் பூ கூடும். செடிக்கு இருபது பூ எண்ணிப் பாருங்கள். பாதிக்கு மேல் குட்டை என்றால் பிரச்சினை மேய்ச்சல் நிலத்தில் இல்லை, பாத்தியில் இருக்கிறது.

---

கிடைத்தடம்

அக்கா பூவப் பத்திச் சொல்லியாச்சு. ஆடு வாயப் பத்தி நான் சொல்றேன், ஏன்னா அடைக்கணுமா வேணாமாங்கறது அங்கதான் இருக்கு.

வெள்ளாடு மேல பார்த்து மேயும். இலந்தைக் கொழுந்து, வேலங்கொழுந்து, கிளுவை, எட்டுற உசரத்துக்குக் காலத் தூக்கி நின்னு கடிக்கும். செம்மறி கீழ பார்த்து, தரையோட ஒட்டக் கடிக்கும். மூக்கிரட்டை, செப்புநெருஞ்சி, சின்னப் பூண்டு எதையும் விடாது. மாடு நாக்கால சுருட்டி இழுக்கறதால ரெண்டு விரல்கடை மிச்சம் வச்சிட்டுத்தான் போகும். அதனால "ஆடு மேய்ஞ்சா பூ போச்சு"ன்னு ஒரே வாக்கியத்துல சொன்னா அது பாதி பொய். 180-ல எத்தனை செம்மறி, எத்தனை வெள்ளாடுன்னு மந்தைக்காடு சொல்லணும். செம்மறி அதிகம்னா தரைப்பூ போகும். வெள்ளாடு அதிகம்னா வேலிப்பூ, மரக்கன்று போகும்.

துத்திய ரெண்டும் தின்னும். நெருஞ்சிய இளசா இருக்கையில செம்மறி தின்னும், முள்ளுக்காய் விழுந்தப்புறம் குளம்புல குத்தும், தொடாது. கொழுஞ்சிய பச்சையா இருக்கையில எதுவும் சீண்டாது, சித்திரை வெயில்ல வேற வழியில்லைனா கடிக்கும். ஆவாரை, எருக்கு, தும்பை, ஆடாதொடை, கண்டங்கத்திரி, கிலுகிலுப்பை இந்த ஆறும் தினம் மந்தை நடந்தாலும் நிக்கும். ஆடாதொடைக்குப் பேரே அதுதானே.

---

நீலவரி

அண்ணே, நீங்கள் சொன்ன அந்த ஆறும் கொழுஞ்சியும் இந்த விவாதத்துக்கே ஆணிவேர். மேய்ச்சல் நிலத்தில் காட்டுத்தேனீ இன்னும் மிஞ்சியிருப்பது ஆடு விட்ட செடிகளால்தான். முக்கியமானவற்றைச் சொல்கிறேன்.

ஆவாரை: தேன் கிடையாது, மகரந்தம் மட்டும். பத்துக் கேசரங்களில் மேலே உள்ள மூன்று மலடு. மற்றவை கத்தரியைப் போலவே நுனித்துளை. எனவே அதிரவைக்கும் தேனீக்களுக்கான பூ இது. கத்தரிக்கு வேலை செய்யும் அதே ஆட்கள், கத்தரி இல்லாத மாதங்களில் ஆவாரையில்தான் பிழைக்கிறார்கள். தைப்பொங்கல் காப்புக்கட்டுக்கு ஆவாரம்பூ பறிக்கும் நாட்களில், வெயில் ஏறிய பிறகு ஒரு புதர் முன்னால் பத்து நிமிடம் நின்றால் தச்சுத்தேனீயின் சத்தம் கேட்காமல் இருக்காது.

எருக்கு: பூவின் நடுவே கிரீடம் போன்ற அமைப்பு, அதில் தேன். மகரந்தம் தூளாக இருக்காது. ஜோடி ஜோடியாகப் பை மாதிரி ஒட்டிக்கொண்டு தேனீயின் காலில் மாட்டிக்கொண்டு போகும். அதை இழுத்துக்கொண்டு பறக்கிற வலு தச்சுத்தேனீக்கு உண்டு. சிறிய ஈ, சிறிய தேனீ கால் சிக்கிச் செத்துக் கிடப்பதையும் பார்க்கலாம். வருடம் முழுக்கப் பூ இருப்பதுதான் எருக்கின் பெரிய குணம். கோடையில் தரையில் ஒன்றும் இல்லாதபோது தச்சுத்தேனீக்கு அதுதான் கஞ்சித்தொட்டி.

கிலுகிலுப்பை, கொழுஞ்சி: அவரைக் குடும்பம். கீழ் இதழ் இரண்டும் படகு மாதிரி மூடியிருக்கும். கனமான தேனீ உட்கார்ந்து அழுத்தினால்தான் உள்ளிருந்து மகரந்தம் பிதுங்கி வரும். இலைவெட்டித் தேனீ இதற்கென்றே வாழ்கிறது போல உழைக்கும். கிலுகிலுப்பையில் கல்லீரலைக் கெடுக்கும் நஞ்சு இருப்பதால் கால்நடை ஒதுக்குகிறது. பசி நேரத்தில் தின்றால் ஆபத்து, எனவே பட்டி அருகே வளர விட வேண்டாம்.

தும்பை: சின்ன வெள்ளை உதட்டுப்பூ. நீலவரி, ஹாலிக்டிட் சிறுதேனீக்கள், கொம்புத்தேனீ எல்லாம் வரும். மழைக்குப் பின் ஐப்பசியில் தொடங்கி தை வரை ஓடும்.

ஆடு தின்னும் பூக்கள் வேண்டாமா என்றால், வேண்டும். துத்தி, மூக்கிரட்டை, நெருஞ்சி, விஷ்ணுகிராந்தி, பொடுதலை, கிணற்றடிப்பூண்டு: சின்னச் சின்ன ஹாலிக்டிட் தேனீக்களுக்கு இவைதான். பெரிய பூவில் தச்சுத்தேனீயோடு போட்டி போட அவற்றால் முடியாது. மேய்ச்சல் அதிகமானால் முதலில் காணாமல் போவது இந்தச் சிறுவகைகள். தச்சுத்தேனீ கடைசி வரை நிற்கும். "தேனீ நிறைய இருக்கே" என்று தச்சுத்தேனீயை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது.

---

கண்மாய்க்கரை

அப்படியானால் அடைப்பதுதானே சரி? மூன்று வருடம் விட்டால் அந்தச் சின்னப்பூ எல்லாம் திரும்பிவிடுமே. அரிட்டாபட்டியை அறிவித்த மாதிரி இதையும் பாதுகாத்துவிடலாம்.

---

சரளை

அரிட்டாபட்டி விசயத்தைச் சரியாகப் பிடிக்கவும். 2022 நவம்பரில் அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊரிலும் சேர்த்து 193.21 ஹெக்டேர், தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அறிவிக்கப்பட்டது. அது 2002-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 37-ஆம் பிரிவின் கீழ் வருவது. அங்குள்ள மக்களின் வழக்கமான புழக்கத்தை, அவர்களாகவே ஒத்துக்கொண்டாலொழிய, கட்டுப்படுத்தக் கூடாது என்றுதான் வழிகாட்டுதல் சொல்கிறது. காப்பது என்றாலே முள்கம்பி என்று நினைக்க வேண்டியதில்லை.

முழுசாக அடைத்தால் செம்மண் மேட்டில் நடப்பது இதுதான். முதல் மழையில் பூ அமர்க்களமாக வரும், எல்லோரும் படம் எடுப்பார்கள். இரண்டாம் வருடம் கொழுக்கட்டைப்புல் மாதிரி உயரப் புற்கள் மூடும். புல் காற்றில் மகரந்தம் விடுவது, தேனீக்குத் தேன் தராது. குட்டைப் பூண்டுகள் நிழலில் அமுங்கும். மூன்றாம் வருடம் சீமைக்கருவேல் ஆளுயரம். அதன் விதை சாணத்திலும் புழுக்கையிலும் ஏற்கெனவே மண்ணில் கிடக்கிறது. வெள்ளாடு கடிக்காததால் தங்குதடையில்லாமல் ஏறும்.

இதைவிடப் பெரிய இழப்பு வெறுந்தரை. நம் காட்டுத்தேனீக்களில் பெரும்பங்கு மண்ணுக்குள் கூடு வைப்பவை. புல் மெத்தை விரித்த இடத்தில் அவை தோண்டாது. ஆடுமாடு நடந்து பூண்டு கலைந்த, வெயில் நேராக விழுகிற, இறுகிய மண்தான் அவற்றுக்கு வீட்டுமனை. மேய்ச்சலை முழுக்க நிறுத்தினால் சாப்பாடு கூடி வீடு போகும்.

---

மந்தைக்காடு

செம்மறி 120, வெள்ளாடு 60. மண்கூடு எங்கே இருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? நிலத்தில் ஓட்டை நூறு கிடக்கிறது, எல்லாம் எறும்பு என்றுதான் நினைத்தோம்.

---

நீலவரி

எறும்புப் புற்று வாயில் போக்குவரத்து ஓயாது. சுற்றிலும் புல்விதை உமி, தவிடு மாதிரிக் குப்பை வட்டமாகக் கிடக்கும். தேனீயின் ஓட்டையில் அப்படி எதுவும் இருக்காது. 3 முதல் 6 மி.மீ. அகலம், உள்சுவர் மழமழவென்று, வாயைச் சுற்றி அன்றைக்குத் தோண்டிய ஈரமண் சின்னக் குவியலாக. காலை ஒன்பதரைக்கு மேல் ஓட்டைக்கு இரண்டடி தள்ளி, நிழல் விழாமல் உட்காருங்கள். உள்ளிருந்து ஒரு முகம் எட்டிப் பார்க்கும். இல்லாவிட்டால் பின்னங்காலில் மஞ்சள் அப்பிக்கொண்டு ஒன்று வந்து இறங்கும்.

நீலவரியின் கூடு வேறு மாதிரி. செங்குத்தான மண்முகத்தில் வைக்கும்: கண்மாய்க் கரையின் அரிந்த பக்கம், ஓடை விளிம்பு, பூசாத பழைய மண்சுவர். ஓட்டை சுண்டுவிரல் நுழையும் அளவு. அந்தச் சுவர் முன்னால் கறுப்பில் வெளிர்நீலப் புள்ளி போட்ட தேனீ ஒன்று தரையோடு தாழ்ந்து திரிந்தால் அது தைரியஸ். நீலவரியின் கூட்டில் முட்டையிடும் குயில் வகை. அதை அடித்து விரட்ட வேண்டாம். ஒட்டுண்ணி இருக்கிறது என்றால் விருந்தோம்பி போதுமான அளவு இருக்கிறது என்று அர்த்தம்.

உங்கள் நிலத்தில் தேட வேண்டிய இடங்கள்: மாட்டுத்தடத்தின் இரு ஓரம் (நடுத்தடம் அல்ல), கண்மாய்க் கரையின் கிழக்கு, தெற்குச் சரிவு, பழைய மண்ணெடுத்த குழியின் விளிம்பு. கீழ்ப்பகுதி வண்டலில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். நீர் ஏறும் இடத்தில் குஞ்சு பூஞ்சை பிடித்துச் சாகும். திருமங்கலம், கள்ளிக்குடிப் பக்கக் கரிசலில் வேறு சிக்கல். வெடிப்பு விட்டு மூடுகிற மண்ணில் கூடு நிலைக்காது, அங்கே கரைகளும் மண்சுவர்களும் மட்டும்தான் நம்பிக்கை.

---

சரளை

மிதிபடுவதைப் பற்றி ஒரு வார்த்தை. கூட்டின் குஞ்சு அறைகள் பெரும்பாலும் தரைக்குக் கீழே சற்று ஆழத்தில் இருப்பதால் பரவலாக ஆடு நடப்பதால் சேதம் குறைவு. வாய் மூடினாலும் தேனீ திரும்பத் தோண்டிவிடும். நொறுங்குவது மந்தை குவியும் இடங்களில்: தண்ணீர்த்துறை, பட்டி வாசல், இரண்டு புதருக்கு நடுவே ஒரே பாதையாகப் பிதுங்கும் இடம். கூட்டுத்திட்டு அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், பாதையை ஐந்தாறு மீட்டர் தள்ளி இரண்டு கட்டு இலந்தை முள்ளைப் போடுங்கள், போதும். வேலியெல்லாம் தேவையில்லை.

ஊரக வேலைத் திட்டத்தில் கண்மாய்க் கரையைச் "செதுக்கி அழகாக்குவது" தான் மிதிபடுவதைவிடப் பெரிய கேடு. மண்வெட்டியால் அரையடி சீவினால் ஒரு கரைக்குரிய நீலவரிக் கூடுகள் ஒரே நாளில் போகும். வேலை நடக்கத்தான் செய்யும் என்றால், கூடு இருக்கிற முப்பது நாற்பது அடியை மட்டும் சுண்ணாம்புக் கோடு போட்டு விட்டுவிடச் சொல்லுங்கள். நீர்ப்பிடிப்புக் குழி வெட்டினால், கிழக்கோ தெற்கோ பார்த்த ஒரு முகத்தை மட்டும் சரிக்காமல் செங்குத்தாக விடலாம். புது மண்முகத்தில் பென்சில் கனத்துக்கு இரண்டு அங்குல ஆழத்தில் இருபது முப்பது துளை குத்திவைத்தால் சீக்கிரம் குடியேறும்.

---

கிடைத்தடம்

கிடை பத்தியும் சொல்லிர்றேன். புறம்போக்குலயே கிடை அமர்த்துறதப் பழக்கமாக்காதீங்க. 120 செம்மறி ஒரே இடத்துல நாலு ராத்திரி படுத்தா மூத்திரமும் புழுக்கையும் சேர்ந்து அந்த மண்ணே மாறிப்போகும். அடுத்த மழைக்கு அங்க நாயுருவியும் குப்பைமேனியும் கீரையுமா மண்டும். செப்புநெருஞ்சி, விஷ்ணுகிராந்தி வராது. கிடைய வயக்காட்டுல போடுங்க, உரம் போட்ட கூலியும் வரும். புறம்போக்கு மெலிஞ்ச மண்ணாவே இருக்கட்டும். பூண்டுக்கு மெலிஞ்ச மண்ணுதான் தோது.

இன்னொண்ணு. உண்ணிக்கு மருந்து முக்குறது. டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் ரெண்டுமே தேனீக்கு எமன். முக்கின தண்ணிய அப்படியே தரையில கவுத்துவிடுறாங்க. ஓடைப் பக்கமும் கரைப் பக்கமும் வேணாம். கூடு இல்லாத மேட்டுல ஒரு குழி வெட்டி, அதுல ஊத்தி மூடணும். முக்கின ஆட்ட ரோமம் காயற வரைக்கும் பட்டிக்குள்ள வச்சிட்டு அப்புறம் மேய விடுங்க.

---

கண்மாய்க்கரை

சரி, அடைக்க வேண்டாம் என்றால் என்னதான் செய்வது? இப்போது இருப்பது போலவே விட்டால் துத்தியும் மூக்கிரட்டையும் எப்படி விதை போடும்?

---

நீலவரி

வாரக்கணக்கில் ஓய்வு. மதுரை மாவட்டத்தில் வருடத்துக்குச் சுமார் 850 மி.மீ. மழை, அதில் கிட்டத்தட்டப் பாதி ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தில். முதல் நல்ல மழையிலிருந்து ஆறேழு வாரம் ஒரு துண்டில் மந்தை போகாவிட்டால், சிறுபூண்டுகள் முளைத்துப் பூத்து விதை போட்டுவிடும். அதற்குப் பிறகு மேய்ந்தால் நட்டமில்லை. காய்ந்த செடியைக் கடித்தால் விதை உதிரும், குளம்பு அதை மண்ணில் அழுத்தும். நிலத்தை நான்காகப் பிரித்து வருடம் ஒரு பங்கை இப்படி விட்டால் நான்கு வருடத்தில் ஒரு சுற்று. 11 ஏக்கருக்கு இரண்டே முக்கால் ஏக்கர் ஓய்வு.

---

கிடைத்தடம்

அக்கா, காகிதத்துல கணக்கு சரி. ஆனா ஐப்பசி கார்த்திகையிலதான் எங்களுக்குப் போக்கிடமே இல்ல. வயக்காடு பூரா பயிர் நிக்குது, வரப்புல ஆடு ஏறுனா சண்டை. அந்த ரெண்டு மாசத்துக்கு இந்தப் புறம்போக்குதான் கதி. அதுல கால்வாசிய நீங்க எடுத்துட்டா மிச்ச எட்டு ஏக்கர்ல 200 உருப்படியும் விழுந்து, அங்க பொட்டுப் பூ மிஞ்சாது. ஒரு பக்கம் வாழ வச்சு மூணு பக்கம் மொட்டையடிச்ச கதையாகும்.

---

நீலவரி

நியாயமான அடி, அண்ணே. ஒத்துக்கொள்கிறேன்.

அப்படியானால் பருவத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றலாம். மழை மாதத்தில் ஒன்றரை ஏக்கர் மட்டும் ஓய்வு, அதுவும் சரளை மேட்டில், ஏனென்றால் அங்கே புல் குறைவு, பூண்டு அதிகம்; உங்களுக்கு இழப்பும் குறைவு. அறுப்பு முடிந்து தை, மாசியில் மந்தை தாள் மேயப் போகும் அல்லவா? அப்போது மேட்டுப் பகுதி முழுவதையும் ஆறு வாரம் விட்டுவிடலாம். அந்தச் சமயம் ஈரம் குறைந்திருக்கும், மழைக்கு முளைக்கும் சிறுபூண்டுகளின் பூ வராது. ஆனால் வேர் ஆழமான துத்தி, கொழுஞ்சி, ஆவாரை, கண்டங்கத்திரி ஆகியவை மறுபடி தளிர்த்துப் பூக்கும். இரண்டு ஓய்வும் வேறு வேறு தேனீக்களுக்கு உதவும். மழை ஓய்வு சிறு ஹாலிக்டிட்களுக்கு, தாள்கால ஓய்வு தச்சுத்தேனீக்கும் இலைவெட்டிக்கும்.

---

கிடைத்தடம்

இது நடக்கும். ஒன்றரை ஏக்கர்னா முள்ளு வெட்டிப் போட்டே சமாளிச்சுக்கலாம். தாள் மேய்ச்சல் நேரத்துல யாரும் மேட்டுக்குப் போகப்போறதில்ல, மாடு மட்டும் பழக்கத்துல ஏறும். மாடு மேய்க்கறவங்ககிட்ட தனியாப் பேசிருங்க. புலிக்குளம் கிடைமாடு வெளியூர்லருந்து அந்தப் பக்கம் நடந்து போகும். அவங்க வர்ற தடத்த மறிக்காம ஓய்வுத் துண்டத் தேர்ந்தெடுங்க.

---

ஆவாரங்காடு

மரம் நடும் பணம் ஏற்கெனவே இருக்கிறது என்றால் அதை வீணாக்க வேண்டாம், ஆனால் எதை நடுகிறோம் என்பதைப் பாருங்கள். கோடையில் தேன் தருவது மரங்கள்தான். வேம்பு பங்குனி, சித்திரை. புங்கு சித்திரை, வைகாசி. அதையொட்டிப் புளி. இலந்தை புரட்டாசி, ஐப்பசி. இவற்றைக் கண்மாய்ப் பக்க வண்டலிலும் எல்லை ஓரத்திலும் வையுங்கள். சரளை மேட்டில் மரம் வைத்து நிழலாக்கினால் சரளை சொன்ன வெறுந்தரை போய்விடும்.

சீமைக்கருவேலை வெட்டுவது பற்றி: 2017-இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவை ஒட்டிப் பல ஊர்களில் ஒரே மூச்சில் வழித்தார்கள். மண்ணுக்கு அது வேண்டாத மரம்தான். ஆனால் கொம்புத்தேனீ அதன் கிளையில் கூடு கட்டி அதன் பூவிலேயே தேன் எடுக்கிறது. வருடத்துக்கு மூன்றில் ஒரு பங்காக வெட்டி, வெட்டிய இடத்தில் வேலம், இலந்தை தலைதூக்கிய பிறகு அடுத்த பங்குக்குப் போனால் நடுவில் பட்டினி விழாது. தூரோடு எடுக்காமல் மேலே மட்டும் வெட்டினால் நாலு மடங்காகத் தழையும், அது தனி வம்பு.

---

மந்தைக்காடு

கருவண்டு பற்றி ஒரு குறை இருக்கிறது. பட்டிக் கொட்டகையின் விட்டத்தை ஓட்டை போடுகிறது, சுண்ணாம்பும் மண்ணெண்ணெயும் ஊற்றிக் கொல்கிறார்கள். அதுவும் இந்தத் தச்சுத்தேனீயும் ஒன்றுதானா?

---

நீலவரி

ஒன்றேதான். பெயர் வண்டு, ஆள் தேனீ. மரத்தைத் தின்பதில்லை, குடைந்த தூளை வெளியே தள்ளிவிட்டு உள்ளே அறை அறையாகப் பிரித்து, மகரந்த உருண்டை வைத்து முட்டையிடும். வாய் ஒன்றரை செ.மீ.க்கு உட்பட்ட சுத்த வட்டம், கீழே மரத்தூள். பெண்ணுக்குக் கொடுக்கு உண்டு, கையில் பிடித்து நசுக்காத வரை கொட்டாது. மூஞ்சிக்கு நேராக வந்து நின்று மிரட்டுவது பெரும்பாலும் ஆண், அதற்குக் கொடுக்கே கிடையாது.

காய்ந்த மரத்தில்தான் குடையும், வண்ணம் பூசிய மரத்தைப் பெரும்பாலும் தவிர்க்கும். விட்டத்தில் ஒரு பூச்சு அடித்துவிட்டு, கொட்டகைக்குப் பத்து மீட்டர் தள்ளி காய்ந்த முருங்கைக் கட்டை, கற்றாழையின் காய்ந்த பூத்தண்டு, மூங்கில் துண்டு நாலைக் கட்டித் தொங்கவிடுங்கள். அங்கே போய்விடும். பழைய ஓட்டையை அடைப்பதானால் உள்ளே யாரும் இல்லை என்று மாலையில் விளக்கடித்துப் பார்த்துவிட்டு அடைக்கவும். முருங்கை வெட்டிய கட்டையை எரித்துவிடுவதுதான் வழக்கம். வருடத்துக்கு ஐந்தாறு கட்டையை மட்டும் வேலியோரம் சாய்த்து வையுங்கள்.

முருங்கைக்கு மருந்து அடிப்பவர்களுக்கும் சேர்த்து: தச்சுத்தேனீ காலையில் வேலையைத் தொடங்கும். அடித்தே ஆக வேண்டுமென்றால் பொழுது சாய்ந்த பிறகு.

---

சரளை

இலைவெட்டிக்குக் குழாய்க்கட்டு. நாணல் அல்லது மெல்லிய மூங்கிலை ஒரு கணு மூடியபடி 15 செ.மீ. நீளத்துக்கு நறுக்கவும். உள்விட்டம் 4 மி.மீ. முதல் 10 மி.மீ. வரை கலந்து இருபது குழாய். வெட்டு வாயில் சிம்பு நீட்டிக்கொண்டிருந்தால் சிறகு கிழியும், உள்ளே போகாது, உப்புத்தாளால் தேய்க்கவும். பழைய தகர டப்பாவில் இறுக்கிச் செருகி, வாய் கிழக்கே பார்க்க, சற்றே முன்சாய்வாக, வெள்ளாட்டுக்கு எட்டாத ஆறடி உயரத்தில் அசையாமல் கட்டவும். காற்றில் ஆடினால் தேனீ குடிவராது. கட்டும் கம்பியில் கிரீஸ் தடவாவிட்டால் எறும்பு ஒரே வாரத்தில் காலி செய்துவிடும். வாய் இலைத்துண்டால் மூடியிருந்தால் குடி வந்தாயிற்று. குஞ்சு வெளியேறிய குழாயை வருடத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் பூஞ்சையும் ஒட்டுண்ணியும் சேரும்.

---

மந்தைக்காடு

பலன் தெரிகிறதா என்று எப்படி எண்ணுவது? மஞ்சள் கிண்ணத்தில் சோப்புத் தண்ணீர் வைப்பார்களாமே.

---

நீலவரி

கிண்ணம் வேண்டாம். அது விழுந்ததைக் கொல்லும். சிறு இனங்களைத் தேடுவதற்கு ஆய்வாளர்கள் கையாளும் முறை. இந்தச் சின்னத் திட்டில் நீங்கள் வாரம்தோறும் வைத்தால், காக்க நினைத்ததையே குறைப்பீர்கள். தச்சுத்தேனீ போன்ற பெரியது அதில் சரியாக விழவும் செய்யாது.

நடந்து எண்ணுங்கள். 100 மீட்டர் கயிறு, இரு பக்கமும் ஒரு மீட்டர். பத்து நிமிடத்தில் ஒரு நடை. காலை ஒன்பதரைக்கும் பதினொன்றுக்கும் இடையில், வெயிலும் அமைதியான காற்றும் உள்ள நாளில். ஓய்வுத் துண்டில் ஒரு கயிறு, மேயும் துண்டில் ஒரு கயிறு, இரண்டும் ஒரே நாளில். துத்தி பிற்பகலில்தான் விரியும், எனவே மூன்றரைக்கு மேல் இன்னொரு நடை. காலைக் கணக்கை மட்டும் வைத்துத் துத்திக்குத் தேனீயே வராது என்று எழுதிவிடக் கூடாது.

இனம் தெரிய வேண்டாம், ஐந்து வகையாகப் பிரித்தால் போதும். பெரிய கறுப்பு: தச்சுத்தேனீ. வயிற்றின் மேல்பக்கம் நீலப்பட்டை, நிற்காமல் தாவுவது: நீலவரி. மகரந்தத்தைக் காலில் இல்லாமல் வயிற்றின் அடியில் சுமப்பது: இலைவெட்டி. அரிசி அளவுச் சிறுசு, காலில் மகரந்தம்: ஹாலிக்டிட், செரட்டினா எல்லாம் ஒரே வகையாக. காலில் உருண்டையாகக் கூடை கட்டியது: அடுக்குத்தேனீ, கொம்புத்தேனீ போலக் கூட்டமாக வாழ்பவை. உணர்கொம்பு குட்டையாக, சிறகு ஒரே ஜோடியாக இருந்தால் அது ஈ, எண்ணாதீர்கள். ஈக்கள் தேனீ வேடம் போடுவதில் கெட்டிக்காரர்கள்.

நான்காம் வகையின் எண்ணிக்கையைத்தான் கவனிக்க வேண்டும். ஒன்று நினைவிருக்கட்டும்: சிறுதேனீ கூட்டிலிருந்து இருநூறு முந்நூறு மீட்டர்தான் போகும். கத்தரி அரை கிலோமீட்டர் தள்ளி இருந்தால் மேட்டில் பூத்ததன் பலன் அங்கே தச்சுத்தேனீ போன்ற பெரியவை வழியாக மட்டும்தான் வரும்.

---

ஆவாரங்காடு

ஆவாரையும் கொழுஞ்சியும் கூட்ட நினைத்தால் நாற்று வாங்காதீர்கள். ஆணிவேர் ஆழமாகப் போகிற செடி, பையிலிருந்து எடுத்து வைத்தால் பாதிக்கு மேல் சாகும். விதைத்தோல் கெட்டி. ஆவாரை விதையைக் கொதிக்க வைத்து இறக்கிய நீரில் போட்டு அப்படியே இரவு முழுக்க ஊறவிடவும். மறுநாள் உப்பிய விதையை மட்டும் எடுத்து, முதல் மழைக்கு மறுநாள், ஓய்வு விடும் ஒன்றரை ஏக்கரில் குழிக்கு நாலைந்தாக அரை அங்குல ஆழத்தில் போடவும். உப்பாத விதைக்கு இன்னொரு முறை வெந்நீர். கொழுஞ்சி விதையைச் சொரசொரப்பான மணலோடு சாக்கில் போட்டுத் தேய்த்துவிட்டு அப்படியே விதைக்கலாம். முதல் வருடம் ஆவாரைக் கன்றை வெள்ளாடு தின்னாது, மிதித்து ஒடிக்கும். அதனால்தான் ஓய்வுத் துண்டில் போடச் சொல்கிறேன்.

---

மந்தைக்காடு

ஆவாரம்பூ பறித்து விற்பவர்கள் வருகிறார்கள். புதரை மொத்தமாக உருவிக்கொண்டு போகிறார்கள். தடுப்பதா?

---

ஆவாரங்காடு

தடுத்தால் சண்டை. புதருக்கு ஒன்று விட்டு ஒன்று பறிக்கச் சொல்லுங்கள். பறிக்கிற புதரிலும் மொட்டை உருவாமல் விரிந்த பூவை மட்டும். மொட்டு நின்றால் அடுத்தடுத்த நாளும் பூ விரியும், அவர்களுக்கும் அது லாபம். ஊராட்சியில் உயிர்ப்பன்மை மேலாண்மைக் குழு இருக்கும்; அதன் மக்கள் உயிர்ப்பன்மைப் பதிவேட்டில் ஆவாரை, கொழுஞ்சி, தும்பை, கரையின் கூட்டுத்திட்டு எல்லாவற்றையும் சர்வே எண்ணோடு எழுத வையுங்கள். மரம் நடும் வேலைக்கு ஆள் வரும்போது "களை" என்று இவற்றைத்தான் முதலில் வெட்டுவார்கள்.

---

கிடைத்தடம்

எழுதுறப்ப மாட்டுத்தடத்தையும் சேர்த்து எழுதச் சொல்லுங்க. தடம் போச்சுன்னா அந்த ஓரத்து ஓட்டையும் போச்சு.